மறுபடி கடிக்காத மனசு

ஆரணிப் பக்கம் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள், அப்படியே படவேடு ரேணுகாம்பாளையும் கும்பிட்டுவிட்டு வருவது வழக்கம். பதினான்காம் நூற்றாண்டில் அந்த ஊர்தான் சம்புவராய மன்னர்களின் தலைநகரம் என்று சொன்னால், பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்!

அதே காலத்தில் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி. 1340-களில், மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா தமிழ்நாட்டுக் கரையில் வந்து இறங்கினார். சுல்தான் கியாஸுதீன் அப்போது ‘ஹர்காத்து’ என்ற இடத்தில் முகாமிட்டிருந்ததாக எழுதுகிறார். அது படவேட்டுக்கு அருகிலுள்ள ஆற்காடுதான் என்பது சில ஆய்வாளர்களின் கருத்து. இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஆக, சுல்தானும் பயணியும் சகலைகள்!

ஒருநாள் கூடாரத்தில் விருந்து. சுல்தானுக்கு ஒருபக்கம் காஜி, மறுபக்கம் பதூதா. ஒரு கைதியை மனைவியோடும், ஏழு வயது மகனோடும் இழுத்து வந்தார்கள். தலையை எடுக்கும்படி சுல்தான் சைகை காட்டினார். பிறகு, ‘அவன் பெண்டாட்டி பிள்ளையையும்தான்’ என்றார். பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தரையில் தலைகள் கிடந்தன.

இன்னொரு நாள். வேறொரு கைதி. கத்தியை உருவுவதைப் பார்த்ததுமே பதூதா அவசரமாக எழுந்தார். ‘எங்கே?’ என்று கேட்டார் சுல்தான். ‘தொழுகைக்கு’ என்றார் பதூதா. காரணம் புரிந்துவிட்டது... சுல்தான் சிரித்தார்! சிரித்துக்கொண்டே கைதியின் கை கால்களை வெட்டச் சொன்னார்.

இந்தச் சிரிப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு: ‘ரிமோர்ஸ்லெஸ்’. ‘ரிமோர்ஸ்’ என்பதற்கு லத்தீன் மூலத்தில் ‘மறுபடி கடிப்பது’ என்று பொருள். செய்த தப்பு, ராத்திரி திரும்பி வந்து நெஞ்சைக் கடிக்க வேண்டும். கடிக்கவே இல்லையென்றால் அவர்தான் ரிமோர்ஸ்லெஸ். கொடுமை செய்யும் நேரத்தில் இரக்கம் இல்லாதது ஒன்று. செய்த பிறகும் உறுத்தாதது வேறொன்று. நாம் இரண்டையும் ‘கல்நெஞ்சு’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

பெண்களையும் குழந்தைகளையும் கொல்லும் இப்படியொரு மன்னரைத் தாம் எங்கும் கண்டதில்லை என்று பதூதா எழுதினார். மதத்தால் ஒன்றுபட்டவர், உறவினர் வேறு... இருந்தும் மறைக்கவில்லை. அது சரி, உடனே கிளம்பிப் போனாரா? இல்லை! மாலத்தீவின் மேல் படையெடுக்க அவருக்கு சுல்தானின் கப்பல்கள் தேவைப்பட்டன. முகத்தைத் திருப்பிக்கொண்டவர், விருந்தை விட்டு விலகவில்லை. நம்மில் பலர் சுல்தான் கிடையாது. ஆனால், பதூதாவாக எத்தனை முறை இருந்திருக்கிறோம்?

படவேட்டு அம்மன் ரேணுகையின் கதை உங்களுக்குத் தெரியும். அப்பா சொன்னதற்காகப் பெற்ற தாயின் தலையையே வெட்டினார் பரசுராமர். ‘என்ன வரம் வேண்டும்?’ என்று அப்பா கேட்டதும் அவர் கேட்டது, அம்மாவின் உயிரை!

வெட்டியது கைதான். கடித்தது நெஞ்சு.