‘குடிகாரன்’ என்ற சொல் வார்டுக்கு வந்த வழி

“குடிச்சுக் குடிச்சே வந்து படுத்துக்கிறானுங்க.” அரசு மருத்துவமனை வார்டுகளில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. சொல்பவர் செவிலியர். கேட்டுக்கொண்டு கிடப்பவர் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்த கூலித் தொழிலாளி. இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. காய்ச்சுவது மட்டுமல்ல, குடிப்பதும் குற்றமானது. குடிநோயாளி முதலில் போலீஸ் கேஸ் ஆனார். அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு 1951 தேர்தல் அறிக்கையில் மதுவிலக்கை எதிர்த்தது. காய்ச்சுவது வீட்டுத் தொழிலாகி, பெண்களும் குழந்தைகளும்கூடக் குடிக்கிறார்கள் என்றது.

1971இல் கடைகள் திறந்தன, 1974இல் மூடின, 1981இல் மீண்டும் திறந்தன. 1983இல் டாஸ்மாக் வந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கையில். விற்பதும் அரசு, விழுந்தவரைத் திட்டும் வார்டும் அரசு. சட்டம் மாறியது, ‘குடிகாரன்’ என்ற பட்டம் மட்டும் மாறவில்லை.

அந்தப் பட்டம் உயிரைப் பறிக்கும். தினமும் குடித்தவர் வார்டில் சேர்ந்ததும் குடி திடீரென நிற்கிறது. கை நடுங்கும், வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறும். இது மருந்து தேவைப்படும் அவசர நிலை. ஆனால் ‘நடிக்கிறான்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

செவிலியரை மட்டும் குற்றம் சொல்லவில்லை. தொகுப்பூதியத்தில், ஒரே ஆளாக ஒரு வார்டையே பார்க்கும் சகோதரிகளை நாங்கள் அறிவோம். நோயாளி அடிக்க வந்தால் காக்க ஆளில்லை. ஆனாலும் அதே குடி வசதியான வீட்டிலிருந்து வந்தால் அது ‘பிரச்சினை’, சேரியிலிருந்து வந்தால் ‘புத்தி’. இங்கே பேசுவது சாதி.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் தலித்துகள். “குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?” என்றுதான் ஊர் கேட்டது. வார்டின் குரலும் ஊரின் குரலும் ஒன்றுதான்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்கிறது. சாதி, வர்க்கம் பார்த்துச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 21ஆம் பிரிவு. தோழர்களே, நம் ஆட்களை அட்மிட் செய்யும்போது கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்ல.