காட்டான்

சின்ன வயசில் தேவாரத்தில் யாரையாவது திட்டணும்னா 'காட்டான்' என்போம். மலையிலிருந்து தேன் கொண்டுவரும் பளியர்களை மனசில் வைத்துத்தான் அந்த வார்த்தை. நானும் சொல்லியிருக்கிறேன். ஜெய்பால் சிங் முண்டாவைப் பற்றிப் படித்தபோது அதுதான் முதலில் உறுத்தியது.

1903இல் இன்றைய ஜார்க்கண்டின் குந்தி அருகே, முண்டா பழங்குடியில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். ஹாக்கியில் ஃபுல்பேக், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் கடைசி ஆள். ஐசிஎஸ் பயிற்சியில் இருந்தவருக்கு ஒலிம்பிக் ஆட விடுமுறை கிடைக்கவில்லை. இருந்தும் கிளம்பிவிட்டார். 1928 ஆம்ஸ்டர்டாமில் அவரைக் கேப்டனாகக் கொண்ட அணி 29 கோல் போட்டது. கோல்கீப்பர் ரிச்சர்ட் ஆலன் ஒன்றுகூட விடவில்லை. தங்கம் கிடைத்தது, ஆனால் இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் ஆடவில்லை. ஐசிஎஸ்ஸும் கைவிட்டுப் போனது.

1939இல் ஆதிவாசி மகாசபைக்குத் தலைவரானார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, தான் 'ஜங்க்லி' என்பதில் பெருமைதான் என்றார். ஆதிவாசிகளுக்கு ஜனநாயகம் சொல்லித்தர வேண்டாம், அவர்களிடம் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். நாங்கள் வசையாக வைத்திருந்த அதே சொல்.

1952 தேர்தலில் அவருடைய ஜார்க்கண்ட் கட்சி பிகாரின் பிரதான எதிர்க்கட்சி ஆனது. தனி மாநிலம் மட்டும் கிடைக்கவில்லை. 1963இல் கட்சியைக் காங்கிரசில் கரைத்தார். கூட இருந்த பலருக்கு அது ஆறாத கோபம். எனக்கும் அது தப்பாகத்தான் படுகிறது. 1970இல் இறந்தார், மாநிலம் வந்தது 2000இல்.

இப்போது ஊருக்குப் போகும்போது டீக்கடையில் யாராவது 'காட்டான்' என்றால் சிரிக்க முடிவதில்லை.