தரங்கம்பாடியின் வீட்டு வகுப்பு

தரங்கம்பாடி மிஷனின் கல்வி வரலாறு பொதுவாக 1707இல் தொடங்கிய பள்ளியிலிருந்தே எழுதப்படுகிறது. அதற்கு முன்பே அங்கு ஒரு வீட்டு வகுப்பு நடந்தது. 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய சீகன்பால்கும் புளுட்சாவும் முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை மாணவர்களோடு தம் இல்லத்திற்கு வரவழைத்தனர். சிறுவர்களுடன் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றனர். அக்கல்வி எழுத்தோடு நிற்கவில்லை. உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகிய நீதிநூல்களைச் சீகன்பால்கு 1708இல் ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். எனவே, மிஷன் பள்ளி திண்ணைப்பள்ளியை அகற்றிவிட்டு வந்தது என்னும் கருத்து முழுமையானதன்று. கற்பிக்க வந்தோர் முதலில் மாணவராயினர். அவ்வகுப்பின் ஆசிரியர் ஒரு தமிழர். இக்கடன் ஆய்வுகளில் உரிய இடம் பெறவேண்டும்.