நன்னூலார் வகுத்த பாடஞ்சொல்லும் நெறி

ஏம்பலத்துக்கு அண்மையிலுள்ள பாகூரில் 9-ஆம் நூற்றாண்டில் வைதிகக் கல்விச்சாலை ஒன்று விளங்கியது. பல்லவன் நிருபதுங்கன் தனது 8-ஆம் ஆட்சியாண்டில் அதற்கு மூன்று ஊர்களை வழங்கியதைப் பாகூர்ச் செப்பேடு கூறும். அதே நூற்றாண்டில், வந்தவாசியை அடுத்த வேடலில், கனகவீரக் குரத்தியார் என்னும் நம் சமயப் பெண்துறவியார் 500 மாணாக்கரைக் கொண்டிருந்தார். ஆதித்த சோழனது 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இதற்குச் சான்று. அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர்.

கல்விச்சாலை இருந்ததைக் கல்லும் செம்பும் கூறும். கற்பித்த முறையைக் கூறா. அம்முறையை நூலில் வகுத்துரைத்தவர், 13-ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர். அதன் பொதுப்பாயிரம் ஆசிரியர், மாணாக்கர், பாடஞ்சொல்லல், பாடங்கேட்டல் ஆகியவற்றின் இயல்புகளைத் தனித்தனியே விளக்குகிறது.

ஆசிரியர் காலமும் இடமும் தேர்ந்தமர்ந்து, தெய்வம் வாழ்த்தி, சொல்லவேண்டிய பொருளை முதலில் தம் உள்ளத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். விரைதல் கூடாது, சினத்தல் கூடாது. மலர்ந்த முகத்துடன், கேட்போன் எவ்வாறு கொள்வான் என்றறிந்து, அவன் மனங்கொள்ளுமாறு உரைத்தல் வேண்டும். இன்று பயிற்சி ஆசிரியர் எழுதும் பாடக்குறிப்பின் உயிர்நிலை இதுவன்றோ? ஆண்டுதோறும் பாடக்குறிப்பேடு எழுதிய எனக்கு, ஏட்டில் அமைத்த பாடம் உள்ளத்தில் அமையாத நாளில் வகுப்பு சோர்ந்துபோனதே அனுபவம்.

பவணந்தியார் மேலும் ஒரு கணக்கு வைத்தார். ஆசிரியரிடம் கேட்பதால் புலமையில் காற்பங்கே கைகூடும். உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. கற்பித்தலே கற்றலின் நிறைவு என்பது இதன் கருத்து.

இக்கணக்கை நம் இல்லங்கள் மெய்ப்பித்தன. கல்லூரி ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியின் சமயப் பொருள் விளங்காதபோது, கும்பகோணத்துச் சைனர் இல்லம் நாடிச் சென்று பாடங்கேட்டார். நூலை வீட்டில் முறையாகப் படித்து, பிறர்க்கு எடுத்துரைத்துப் பழகிய இல்லறத்தார் அவருக்கு ஆசிரியராயினர். 1887-இல் சிந்தாமணி அச்சேறியதில் அவர்களுக்கும் பங்குண்டு.

இன்று அத்தகைய ஐயத்துடன் ஒருவர் நம் வாயிலில் வந்து நின்றால், விடைகூற வல்லார் எத்தனை இல்லங்களில் உளர்? நம் பிள்ளைகள் நகரங்களில் பயில்கின்றனர். ஏடுகள் பேழையில் உறங்குகின்றன. நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. நூலை அச்சிட்டு வழங்குவதோடு அது முடிவதில்லை. திங்களுக்கு ஒருநாள் பேரப்பிள்ளையை அருகிருத்தி ஒரு பாடலை விளக்குவோம். மறுமுறை அப்பிள்ளையே நமக்கு விளக்கட்டும். பவணந்தியார் கூறிய அரைப்பங்கு அப்போதுதான் நிறையும்.