பிறப்பைக் கேட்காத பயிற்சி: காங்கேயம் வட்டார அரசுப் பள்ளிகளில் கலைக் கல்வியின் நிலை

காங்கேயம் வட்டாரத்தில் கலைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி செய்தார். அப்போது உடுக்கடிப் பாடகர்கள் இரவிரவாகப் பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். அந்தப் பதிவை அடிப்படையாகக் கொண்ட 'த த்ரீ ட்வின்ஸ்' என்ற ஆய்வு நூல் 1982இல் வெளிவந்தது. பொன்னர், சங்கர், தங்காள் மூவரின் அந்தக் கதையைப் பல இரவுகள் தாங்கிப் பாடுவதற்கு நினைவாற்றல் வேண்டும். விடிய விடியப் பாடினாலும் உடையாத தொண்டை வேண்டும். உடுக்கையின் இடைக்கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்கும் கைப்பழக்கம் வேண்டும். இதைச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் அன்று இல்லை. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அரசுப் பள்ளியின் கால அட்டவணையில் அதற்கு இடம் வரவில்லை.

பொதுவாக இத்தகைய கட்டுரைகள் இந்த இடத்தில் 'அழிந்துவரும் கலைகள்' என்று புலம்பத் தொடங்கும். கொங்குப் பகுதியின் நிலைமை அப்படியில்லை. வள்ளி கும்மி இன்று ஊருக்கு ஊர் பயிற்றுவிக்கப்படுகிறது. மாதக்கணக்கில் மாலைநேரப் பயிற்சி நடக்கிறது. ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கானோர் ஆடும் அரங்கேற்றங்கள் நடக்கின்றன. ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியில் பெண்களைச் சேர்த்துப் பயிற்றுவித்த கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆகவே கலை பிழைத்திருக்கிறதா என்பது இங்கே கேள்வி அல்ல. அது எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறது, எந்த வாசல் வழியாகக் கிடைக்கிறது என்பதே கேள்வி. பிறப்பு இன்னதென்று கேட்காமல் ஒரு கலையை ஆழமாகக் கற்றுத்தரக்கூடிய இடம் இந்த வட்டாரத்தில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிதான் என்பதும், அந்தப் பணிக்குத் தேவையான ஆசிரியப் பணியிடமும் பாடவேளையும் அதனிடம் இல்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மாரியம்மன் நோன்பில் கம்பம் நட்டபின் இரவுதோறும் நடக்கும் கம்பத்தாட்டத்தைப் பார்ப்போம். பறையும் திடும்பும் அடிக்க, கம்பத்தைச் சுற்றி ஆட்டம் சுழலும். நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் முன்னே போக, சிறுவர்கள் வட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு முன்னால் போகிறவரின் காலைப் பார்த்தே அடவைப் பிடிப்பார்கள். யாரும் வாய்திறந்து சொல்லித்தருவதில்லை. தவறினால் இடிபட்டுத் திருந்துவார்கள். கற்பித்தல் முறையாக இது மிகச் சிறந்தது என்பேன். ஆனால் அடிக்கிறவர் ஒரு தெரு, ஆடுகிறவர் வேறு தெரு என்ற பிரிவினையையும் பிள்ளைகள் அதே வட்டத்தில், அதே வேகத்தில் கற்றுக்கொள்கிறார்கள். கும்மிக் குழுக்கள் சிலவற்றின் மேடையில் சாதிப் பெருமிதப் பேச்சும் சேர்ந்தே ஒலிப்பது இப்பகுதியில் யாரும் அறியாத செய்தி அன்று. பயிற்சிக்குக் கட்டணம் இல்லாமல் இருக்கலாம். நுழைவுத் தகுதி ஒன்று சொல்லப்படாமல் இருக்கவே செய்கிறது.

அரசின் சொந்த நிறுவனங்களிலும் இந்தப் பழைய கணக்கு அழியவில்லை. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றில் சேர ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கப்படுகிறது. நாதஸ்வரம், தவில், தேவாரம் ஆகியவற்றுக்குத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஏழைப் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவைக்கும் சலுகைதான் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் எந்தக் கருவியைத் தொடுகிறவர் பள்ளியில் தொடர்ந்து படித்திருப்பார், எதைத் தொடுகிறவர் படித்திருக்கமாட்டார் என்ற முன்முடிவு இல்லாமல் இந்த விதியை எழுதியிருக்க முடியாது. தவிர, காங்கேயத்துப் பிள்ளை இசைப்பள்ளிக்குப் போக வேண்டுமானால் ஈரோட்டுக்கோ கரூருக்கோ பஸ் ஏற வேண்டும். பன்னிரண்டு வயது முதல் சேர்க்கலாம் என்று விதி சொன்னாலும், பகலில் நடக்கும் மூன்றாண்டுப் படிப்பை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எப்படிப் படிக்கும்? ஒன்று பள்ளி, இல்லாவிட்டால் இசை.

சரி, உள்ளூர்ப் பள்ளியிலேயே என்ன கிடைக்கிறது? சிக்கலின் வேர் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் அட்டவணை, 6 முதல் 8 வரையான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் கலைக் கல்வி, உடற்கல்வி, பணிக் கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. இதில் இரண்டு வரம்புகள் உள்ளன. முதலாவது, நூறு என்ற எண். பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் சிற்றூர் நடுநிலைப் பள்ளி இந்தக் கணக்கில் தானே விழுந்துவிடும். இரண்டாவது வரம்பு அதைவிடக் கடுமையானது. சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. குரல் நிலைபெற்று, விரல் பழகி, 'எனக்கு இதுதான்' என்று பிள்ளை தேர்ந்துகொள்ளும் பருவம் ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது. சிறப்புப் பயிற்சி எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே சட்டத்தின் கடமை முடிந்துவிடுகிறது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்துக்காகக் கலைகள் பற்றி அமைக்கப்பட்ட குழு, பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அந்தப் பரிந்துரை சட்டத்தில் ஏறவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு பகுதிநேரச் சிறப்பாசிரியர்களின் தலையில் விழுந்தது. 2012இல் 16,549 பேர் நியமிக்கப்பட்டனர். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி, தோட்டக்கலை என்று பல பாடங்கள். மாத ஊதியம் 5,000 ரூபாய். படிப்படியாக உயர்ந்து 2024இல் 12,500 ரூபாய் ஆனது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. அரைநாளுக்கு நான்கு பாடவேளை என்று வைத்தால் பன்னிரண்டு பாடவேளை. 6, 7, 8 வகுப்புகளில் இரண்டிரண்டு பிரிவு உள்ள பள்ளியில் ஒரு பிரிவுக்கு வாரம் இரண்டு பாடவேளை கிடைக்கும். நாற்பது பிள்ளைகளுக்கு எண்பது நிமிடம். பிள்ளைக்கு இரண்டு நிமிடம். ஓவிய நோட்டைத் திருப்பிப் பார்த்து ஒரு கோட்டைத் திருத்துவதற்குள் அது தீர்ந்துவிடும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் அந்த இரண்டு நிமிடமும் இல்லை. 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி நான்குக்கும் சேர்த்து மாநிலம் முழுமைக்கும் 1,325 முழுநேரப் பணியிடங்களுக்குத் தேர்வு நடத்தியது. பள்ளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது எந்த மூலைக்குப் போதும்?

அட்டவணையில் எழுதப்பட்ட பாடவேளையும் முழுதாக மிஞ்சுவதில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் ஓவியப் பாடவேளையில் கணக்கு நடக்கும். இதற்குக் கணக்காசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஓவியம் குறைந்தால் யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை.

2022-23 முதல் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாவை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படியேறும் போட்டிகள், 'கலையரசன்', 'கலையரசி' பட்டங்கள், வெற்றியாளர்களுக்குக் கல்விச் சுற்றுலா என அது அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு முதன்முறையாக ஒரு பெரிய மேடையைத் தந்தது. அதன் சிறப்பை மறுக்க முடியாது. ஆனால் போட்டி பயிற்சியாகிவிடாது. அறிவிப்பு வந்த பிறகு இரண்டொரு வாரத்தில் தயாராகும் குழுவில் யார் இருப்பார்கள்? கோயில் நோன்பில் ஆடிப் பழகியவர், ஊர்க் கும்மிக் குழுவில் இருப்பவர், வீட்டில் தவில் உள்ளவர், காசு கட்டிப் பரதம் கற்பவர். பள்ளி தான் விதைக்காததை அறுவடை செய்கிறது. பள்ளிக்கு வெளியே எந்த வாசலும் திறக்காத பிள்ளை திருவிழாவிலும் கைதட்டுகிற வரிசையில்தான் நிற்கிறது. கேரளம் 1957 முதல் பள்ளிக் கலோற்சவம் நடத்தி, வென்றவர்களுக்குக் கருணை மதிப்பெண்ணும் கொடுத்துப் பார்த்த மாநிலம். தனியார் பயிற்சிக்கும் ஆடை அணிகலனுக்கும் பெற்றோர் பெருந்தொகை செலவழிப்பதும், தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடுகள் குவிவதும் அங்கே நெடுங்காலப் புகார். போட்டியை மட்டும் வளர்த்தால் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

அதே கேரளத்தில் வேறொரு முன்மாதிரியும் உண்டு. 1930இல் தொடங்கிய கலாமண்டலத்தோடு இணைந்த கலை உயர்நிலைப் பள்ளியில், எட்டாம் வகுப்பு முதல் பிள்ளைகள் கதகளியோ செண்டையோ முதன்மையாகப் பயின்றுகொண்டே பொதுப் பாடங்களையும் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் அவர்களுக்கென்றே கலைப் பள்ளி இறுதிச் சான்றிதழ்த் தேர்வை மாநில அரசு நடத்துகிறது. கலை அங்கே பள்ளி முடிந்தபின் வரும் பொழுதுபோக்கு அன்று. சான்றிதழே அதன் பெயரில்தான் இருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமானது இலங்கையின் ஏற்பாடு. அங்கே 6 முதல் 9ஆம் தரம் வரை சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றுள் ஒன்றை அழகியல் பாடமாக எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும். சாதாரண தரத் தேர்வில் அதை எடுத்துக்கொள்ளலாம், உயர்தரத்திலும் தொடரலாம், பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன். இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடத்திலோ மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ பட்டம் பெறலாம், பட்டம் பெற்றவர் பாடசாலைக்கே ஆசிரியராகத் திரும்பி வரலாம். நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றோர் பள்ளி அரங்கை வளர்த்தெடுத்ததற்கும் நாடகம் ஒரு பாடமாக நிலைபெற்றதற்கும் உள்ள தொடர்பு தற்செயலானது அன்று. தேர்வுப் பாடம் ஆனதால் குறிப்பை மனப்பாடம் செய்யும் வழக்கமும் கூடவே வந்தது என்பதை அங்குள்ளவர்களே சொல்வார்கள். இருந்தும் பாடம், பணியிடம், பட்டம் மூன்றும் ஒரே சங்கிலியாகத் தமிழ்வழியில் இயங்க முடியும் என்பதற்கு அது கண்முன் உள்ள சான்று.

காங்கேயத்துக்கு இதிலிருந்து எதை எடுக்கலாம்? எல்லாப் பள்ளியிலும் எல்லாக் கலையும் என்ற பேச்சு ஏட்டோடு நின்றுவிடும். வட்டாரத்துக்கு ஒரு மேல்நிலைப் பள்ளி, அதில் ஒன்பதாம் வகுப்பு முதல் இரண்டு கலைகள், வாரம் ஆறு பாடவேளை, இரண்டு முழுநேரப் பணியிடம் என்பதே நடைமுறைக்கு ஒத்த அளவு. ஒன்று இந்த மண்ணின் நிகழ்த்துகலை: கும்மியும் பெருஞ்சலங்கையாட்டமும் உடுக்கடிப் பாட்டும் அடங்கியது. மற்றொன்று ஓவியமும் வடிவமைப்பும். இரண்டாவதைச் சொல்லக் காரணம், ஒரு மணி நேரப் பயணத்தில் திருப்பூர் இருக்கிறது. பனியன் கம்பெனிக்குப் போகும் பிள்ளைகள் பெரும்பாலும் 'கை மடிக்க'வோ தைக்கவோ போகிறார்கள். டீ-ஷர்ட்டில் அச்சாகும் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் போடுவதற்கும் எம்பிராய்டரிக்கு டிசைன் எழுதுவதற்கும் கோடு பிடிபட்ட கை வேண்டும். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் 'லோயர்', 'ஹையர்' என்று ஓவியப் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. அளவுகோல் தொடாமல் வரையும் 'ஃப்ரீஹேண்ட்', பொருளைப் பார்த்து வரையும் 'மாடல்', 'டிசைன்' எல்லாம் அதில் உண்டு. அதை வெளியிலிருந்து தனித்தேர்வராக எழுதுவதற்குப் பதில் பள்ளிக்குள்ளேயே முடித்து வெளியேற வழி செய்தால் போதும். புதிய தேர்வு எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் பறையையோ தவிலையோ வைத்தால், 'உனக்குத்தான் வரும், நீ அடி' என்று குறிப்பிட்ட தெருப் பிள்ளையின் கையில்தானே அது திணிக்கப்படும் என்று கேட்கிறார்கள். இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. கலை நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளைப் பொறுக்கும்போது இன்றும் அப்படி நடக்கக் கூடும். ஆனால் இந்த ஆபத்து நிகழ்ச்சிக்காக அவசரத்தில் ஆள் பிடிப்பதிலிருந்து வருகிறது. பாடமாகக் கற்பிப்பதிலிருந்து அன்று. எல்லாப் பிள்ளைகளும் ஓராண்டு எல்லாக் கருவிகளையும் தொட்டாக வேண்டும், அதன் பிறகே தேர்வு என்று வைத்தால் கருவிக்கும் தெருவுக்கும் உள்ள முடிச்சு அவிழத் தொடங்கும். பறையைத் தொடாமலே பள்ளியை முடிக்கும் பிள்ளைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. அது யாருக்குத் தேவை என்று நான் சொல்லத் தேவையில்லை.

உண்மையான முட்டுக்கட்டை ஆசிரியர் தகுதியில் இருக்கிறது. ஓவியத்துக்கும் தையலுக்கும் தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ் உண்டு. உடுக்கடிக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. நாற்பது ஆண்டு பாடியவர் பள்ளிக்குள் 'சிறப்பு விருந்தினராக' வரலாம், சால்வை வாங்கலாம், வகுப்பெடுக்க முடியாது. இதற்கும் அரசிடமே ஒரு வழி இருக்கிறது. மாவட்டக் கலை மன்றங்கள் வயதுவாரியாகக் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று விருது வழங்குகின்றன. ஒருவரைக் கலைஞர் என்று அரசு அறிந்து ஏற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்று இது. கலை பண்பாட்டுத் துறை தரும் இந்தச் சான்றைப் பள்ளிக் கல்வித் துறை நியமனத் தகுதியாகக் கொள்ள ஓர் அரசாணை போதும். கற்பிக்கும் முறையில் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை ஆசிரியர் பயிற்சி நிறுவனமே கொடுத்துவிடலாம். இவர்களையும் பகுதிநேரத் தொகுப்பூதியத்தில் அமர்த்திவிட்டால் 2012இன் கதைதான் மறுபடி நடக்கும். ஆகவே அந்த ஆணையில் முதலில் இடம்பெற வேண்டியவை 'முழுநேரம்' என்பதும் '9 முதல் 12 வரை' என்பதும்தான். தகுதி பற்றிய பிரிவு அதற்கு அடுத்து வரலாம்.