நான்கடித் தொட்டியும் ஒன்றரை அடித் தொட்டியும்

பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் பேக்கர்ஸ் ஆட்கள் அரை நாளில் இறக்கிவிடுவார்கள். கடல்மீன் தொட்டியைக் கண்டதும்தான் தயங்குவார்கள். வாடகை வீட்டில் பெரிய தொட்டி வைத்திருப்பவர், வீடு மாறும் தேதி நெருங்கும்போது, அதை விற்றுவிட்டு ஃபில்டர், பம்ப், விளக்கு எல்லாம் சேர்ந்தே வரும் ஆல்-இன்-ஒன் தொட்டிக்கு மாறலாமா என்று யோசிப்பது இயல்பு. மாறலாம். எப்போது மாறுகிறோம், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது லாபமா நஷ்டமா என்று தெரியும்.

ஒப்பிட இரண்டு தொட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 120×60×60 செ.மீ. அளவுள்ள நான்கடித் தொட்டி. 432 லிட்டர் கொள்ளும், அடியில் தனி சம்ப் (ஃபில்டர், பம்ப் இருக்கும் துணைத் தொட்டி) உண்டு. மற்றது 45×45×40 செ.மீ.; மொத்தம் 81 லிட்டர். இதில் பின்சுவரை ஒட்டிய குறுகிய அறைகளிலேயே ஸ்பாஞ்ச், பயோ மீடியா, ரிட்டர்ன் பம்ப் மூன்றும் அடங்கிவிடும்.

எடையில் போட்டியே இல்லை. நான்கடித் தொட்டிக்கு 12 மி.மீ. கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டும் சுமார் 85 கிலோ. தண்ணீர், கல், மணல், ஸ்டாண்ட் சேர்ந்தால் 600 கிலோவைத் தாண்டும். வீட்டு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 875) குறிப்பிடும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அதற்காகத் தளம் இடிந்துவிடும் என்று பொருளில்லை. பாரம் சுற்றிலும் பரவும். ஆனாலும் சுவரோரமாக, பீம் போகும் இடம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். புது வீட்டில் அப்படி ஓர் இடம் கிடைக்குமா, ஹவுஸ் ஓனர் சம்மதிப்பாரா என்பது வேறு கேள்வி. சின்னத் தொட்டி எல்லாம் சேர்த்து இரண்டு பெரியவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பாரம்தான். எந்த மூலையும் தாங்கும்.

வீடு மாறும் நாளில் பாதித் தண்ணீரையாவது கூடவே கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரியதற்கு 20 லிட்டர் கேன் பதினொன்று வேண்டும். சின்னதற்கு இரண்டு போதும். வற்றவைத்த பெரிய தொட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டும், லிஃப்டில் நுழையுமா என்று முன்பே அளந்தும் பார்க்க வேண்டும். சின்னதை இருவர் தூக்கிவிடலாம். ஆனால் சின்னதுதானே என்று கால்வாசித் தண்ணீரோடு தூக்கிவிடக் கூடாது. தண்ணீர் அலையும்போது சிலிக்கான் ஒட்டு இழுபடும்.

வாராந்திர வேலையிலும் சின்னதே ஜெயிக்கிறது. 15 சதவீதத் தண்ணீர் மாற்ற, பெரியதற்கு 65 லிட்டர் ஆர்.ஓ.-டி.ஐ. (சுத்திகரித்த) தண்ணீரும் 2.3 கிலோ கடல் உப்பும் ஆகும். சின்னதற்கு 12 லிட்டரும் 430 கிராமும். மீன் குறைவாக இருந்தால் கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர்கூட வேண்டாம். தண்ணீர் மாற்றுவதே அந்த வேலையைச் செய்துவிடும்.

பெரிய தொட்டி மேலே நிற்பது நிதானத்தில். ஆவியாவது நல்ல தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மேற்பரப்பில் ஒரு செ.மீ. அளவுக்கு ஆவியானால் பெரியதில் 7.2 லிட்டரும் சின்னதில் 2 லிட்டரும் குறையும். ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்பு, முதலாவதில் 35.6, இரண்டாவதில் 35.9. இந்த அளவில் வித்தியாசம் பெரிதல்ல. உண்மையான தொல்லை பம்ப் அறையில் இருக்கிறது. மீன் இருக்கும் பகுதியில் மட்டம் அப்படியே நிற்கும். குறைவது முழுவதும் ரிட்டர்ன் பம்ப் அறையில்தான் தெரியும். சம்ப்பில் அந்த அறை 30×40 செ.மீ. இருந்தால் 7.2 லிட்டருக்கு மட்டம் 6 செ.மீ. இறங்கும். ஆல்-இன்-ஒன்னில் 10×12 செ.மீ. அறையில் 2 லிட்டருக்கு 16 செ.மீ.க்கு மேல் இறங்கிவிடும். பம்ப் காற்றை இழுத்துக் கரகரக்கத் தொடங்கும், தொட்டி முழுக்கப் பொடிக் குமிழ் பரவும். இரண்டு நாள் ஊருக்குப் போவதானால் ஏ.டி.ஓ. என்கிற தானியங்கி நிரப்பி இல்லாமல் முடியாது.

ஒரு மீன் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தால், அதே அளவு அம்மோனியா சின்னத் தொட்டியில் ஐந்து மடங்குக்கு மேல் அடர்த்தியாக நிற்கும். சென்னை வெயிலில் அறை சூடேறினால் சின்னது சீக்கிரம் சூடேறும். மேலே ஒரு சின்ன விசிறி வைத்தால் இறங்கும், ஆனால் ஆவியாவதும் கூடும். பவர்கட்டில் மட்டும் சின்னதற்கு ஒரு சாதகம் உண்டு: பேட்டரி ஏர் பம்ப் ஒன்றே தாக்குப்பிடிக்கும். பெரியதற்கு இன்வெர்ட்டர் இணைப்பு வேண்டும்.

மீன் விஷயத்தில் சமரசத்துக்கு இடமே இல்லை. ப்ளூ டாங் ஓர் அடி வரை வளர்ந்து, நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் மீன். நான்கடியே அதற்குக் குறைச்சல். சின்னத் தொட்டிக்கு ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு சிறிய கோபி மீன், ஓர் இறால், சில நத்தை போதும். கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது; அப்படி வளர்ந்த குஞ்சுகளைக் கேட்டு வாங்குவது நல்லது. சின்னத் தொட்டிக்கு அழகு சேர்க்கிறேன் என்று கரையோரத்திலிருந்து வரும் பவளத்தை வாங்கிவிடாதீர்கள். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

இனி காலம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் தண்ணீரில் இல்லை. கல், மீடியா, மணல் ஆகியவற்றின் பரப்பில் ஒட்டியிருக்கிறது. புதிதாகத் தொடங்கும் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய தொட்டியிலிருந்து கல்லையும் மீடியாவையும் ஈரம் காயாமல் மாற்றினால் அந்தக் காலம் வெகுவாகக் குறையும். பழைய மணலை மட்டும் அப்படியே கொட்டக் கூடாது. அடியில் தேங்கிய அழுக்கு கிளம்பி 80 லிட்டரை ஒரே இரவில் கெடுத்துவிடும். புது மணலே மேல்.

ஆக, இடம் மாற்றுவதற்குச் சின்னது நல்லது. தவறைப் பொறுத்துக்கொள்வதில் பெரியது நல்லது. தொட்டி மாற்றம், வீடு மாற்றம் இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொண்டால் இரண்டின் கெடுதியும் சேர்ந்து வரும். வீடு மாற இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே சின்னத் தொட்டியை ஓடவிடுங்கள். பெரிய மீன்களுக்கு இடம் பாருங்கள். பெரிய தொட்டியைக் கடைசியாக விற்றுக்கொள்ளலாம். அவ்வளவு அவகாசம் இல்லையென்றால், மீன்களைப் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் விட்டுவிட்டு, புது வீட்டில் குடியேறிய பிறகு தொடங்குவதே சரி.