பனையோலையும் பழங்கணிப்பொறியும்

தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகத்திற்கு ஓலைச்சுவடி ஒன்றை அளித்தார். கிரந்த எழுத்தில் அமைந்த அச்சுவடி கௌடில்யரின் அர்த்தசாத்திரமே என்பதை, அந்நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி 1905ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1909இல் அதனை அச்சேற்றினார். ஓலை எஞ்சியதால் மட்டும் அந்நூல் நமக்குக் கிட்டவில்லை; அவ்வெழுத்தைப் படிக்கவல்லார் எஞ்சியிருந்ததாலும் கிட்டியது.

தேவராஜ மொஹல்லாவில் வாழும் நான் இச்செய்தியை எண்ணுந்தோறும், பழங்கணிப்பொறிகளைப் பேணிவரும் அன்பர்களும் என் நினைவில் எழுகின்றனர். விரைவும் ஆற்றலும் மிக்க கருவிகள் மலிந்த இந்நாளில் அவர்கள் பழையதை நாடுவது ஏன்?

நடுவணரசு 1984இல் பள்ளிகளுக்கென வகுத்த 'கிளாஸ்' திட்டத்தின்கீழ் வந்தது பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறி. அதன் நினைவகம் 32 கிலோபைட்டு. இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றும் அதில் அடங்காது. ஆயினும், விசையை அழுத்திய உடனே 'பேசிக்' மொழியில் ஆணையிடலாம். பொறி சிறிதாதலின், அதன் இயக்கம் முழுவதையும் ஒருவர் தம் உள்ளத்துள் அடக்கிவிடலாம். ஆம் என்னும் சில்லின் வடிவமைப்பைச் சோபி வில்சன் ஒத்திகை பார்த்ததும் இப்பொறியில்தான். 1985இல் உருவான அச்சில்லின் வழித்தோன்றல்களே இன்று நம் கைப்பேசிகளை இயக்குகின்றன.

இங்கிலாந்தின் பிளெட்ச்லி பூங்காவில் உள்ள தேசியக் கணிப்பொறி அருங்காட்சியகத்தில், 1951இல் இயங்கத் தொடங்கிய ஆர்வெல் டெகட்ரான் கணிப்பொறியை 2012இல் மீண்டும் இயக்கிவிட்டனர். இரண்டு எண்களைப் பெருக்க அதற்குச் சில நொடிகள் வேண்டும். ஆனால் குழல்களில் ஒளிப்புள்ளி நகர, எண் வளர்வதைக் கண்ணாரக் காணலாம். கணக்கு நடப்பதைக் காணும் அவ்வின்பத்தை இன்றைய பொறி தருவதில்லை.

இன்பம் மட்டுமன்று, பயனும் உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கிய காலத்தில் தமிழுக்குப் பொதுவான குறியீடு இல்லை. 1991இல் யூனிகோடு தமிழுக்கு இடமளித்த பின்னரும், பல மென்பொருள்கள் நெடுங்காலம் தத்தம் முறையையே பின்பற்றின. அந்நாளில் தட்டெழுதிய தமிழ், புதிய பொறியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும்.

என் தந்தையார் தமிழ்ச் சங்கத்திற்கென எழுதிய 4 கட்டுரைகள் ஒரு பிளாப்பியில் இருந்தன. அவர் மறைந்தபின், அதனைச் செருகும் வாயிலே எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் இல்லை. பழம்பொறி பேணும் நண்பர் ஒருவர் தம் பொறியில் அதனை இட்டார்; கரகரவெனும் ஓசைக்குப்பின் திரையில் தமிழ் எழுந்தது. 3 கட்டுரைகள் மீண்டன. நான்காவது, பூச்சுச் சிதைந்து அழிந்துவிட்டது. சில ஆண்டுகள் முன்னரே முயன்றிருந்தால் அதுவும் மீண்டிருக்கலாம் என்னும் வருத்தம் எனக்கு நீங்கவில்லை.

ஊர்விட்டு ஊர்வந்த நம் குடும்பங்கள் வீடு மாறுந்தோறும் கழிப்பன பல. பரண்மேல் கிடக்கும் பழம்பொறியைக் கழிக்குமுன், அதனுள் யாருடைய எழுத்து உறங்குகிறது என்று ஒருமுறை பாருங்கள். அதைப் படிக்கவல்லார் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.